பச்சை டிக் போட்ட வரன்: திருமணத் தகவல் செயலி ஒன்றில் ஆறு மாதம்

கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, சான்றிதழ் பிரிண்ட் எடுத்துத் தருவது என்று பதினொரு வருடமாக இதுதான் தொழில். திருமணத் தகவல் செயலியில் பெண்ணையோ பையனையோ பதிந்து தரச் சொல்லி மாதத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். என் அக்காவின் மறுமணத்துக்காகப் போன ஆவணியில் ஒரு செயலியில் பணம் கட்டிச் சேர்த்தவளும் நான்தான். அந்தப் பேக்கேஜைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நீங்கள் எந்தச் செயலியில் இருந்தாலும் நான் சொல்லும் இடங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியதை அவள் படித்தாள். இரண்டு வரியை அடித்தாள், ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்த வரி எது என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அக்காவுக்கு 44 வயது. பாபநாசம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாமா தவறி ஆறு வருடம் ஆகிறது. பெண் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் பேச ஆள் கிடையாது. "இன்னொரு கல்யாணமா, இந்த வயசிலா" என்றவளை நான்தான் ஒரு வருடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

பேக்கேஜ் ஆறு மாதத்துக்கு 6,900 ரூபாய். 60 பேருடைய போன் நம்பரைத் திறந்து பார்க்கலாம். நேரடியாகச் செய்தி அனுப்பலாம். நம் போட்டோவை, நாம் அனுமதி கொடுத்தவர் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைக்கலாம். வாரம் ஒருமுறை அவர்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, பொருத்தமான வரன்கள் நாலைந்தைச் சொல்வார். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டோப் பூட்டு ஒழுங்காக வேலை செய்தது. மறுமணம், குழந்தை உள்ளவர், இன்ன மாவட்டம் என்று பிரித்துத் தேடினால் சரியாகவே பிரித்துக் கொடுத்தது. வந்த வரன்களில் பெரும்பாலோர் உண்மையான மனிதர்கள். திருவாரூரிலிருந்து ஒருவர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து, காப்பி குடித்துவிட்டு, மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார். அக்கா மகளின் படிப்புச் செலவு விஷயத்தில் ஒத்துவரவில்லை. அது வேறு கதை.

குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பச்சை டிக். மற்றது, தெரிந்துகொண்டே அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தது.

முதலில் டிக்கைச் சொல்கிறேன். ஒவ்வொரு வரனின் பெயருக்குப் பக்கத்திலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்த ஆள், இவர் வேலை, இவர் ஊர் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் விசாரித்துவிட்டார்கள் என்றுதானே? அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். உண்மையில் அந்த டிக் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பதிந்த போன் நம்பருக்கு ஓடிபி போய்ச் சேர்ந்தது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு கடையில் கிடந்த பழைய சிம்மை வைத்து நானே ஒரு ப்ரொஃபைல் பதிந்து பார்த்தேன். வாயில் வந்த ஒரு பெயர், வேலை மருத்துவர், இருப்பது லண்டன், போட்டோ கிடையாது. ஓடிபியைப் போட்டதும் டிக் விழுந்துவிட்டது. மொத்தம் நாலு நிமிடம். உடனே அழித்துவிட்டேன். ஆதார், பாஸ்போர்ட் போன்ற அடையாள அட்டை கொடுத்தவர்களுக்கு வேறொரு குறி இருக்கிறது. ஆனால் அது கட்டாயம் இல்லை. ப்ரொஃபைலைத் திறந்து கீழே போனால் சாம்பல் நிறத்தில் சின்னதாகத் தெரியும். வெளியே, முகத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிவது ஓடிபி டிக்தான். இதை மாற்றி வைக்க வேண்டும் என்று மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறேன்.

திருமணத் தகவல் தளங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2016-லேயே ஓர் அறிவுரைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. பயனரிடம் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்க வேண்டும், மோசடி பற்றி அவர்களை எச்சரிக்க வேண்டும், குறைகளைக் கேட்க ஒரு அதிகாரியை நியமித்து அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தளத்தில் போட வேண்டும் என்றெல்லாம் அதில் வருகிறது. அந்தக் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலைச் செயலியில் தேடி எடுக்க எனக்கே இருபது நிமிடம் ஆனது. பணம் கட்டும் நாளிலேயே அதைத் தேடிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் தேட மனம் நிதானத்தில் இருக்காது.

அந்த ஆள் வந்தது புரட்டாசியில். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் எலும்பு மருத்துவர், மனைவி இறந்துவிட்டார், எட்டு வயதுப் பையன், பூர்வீகம் திருநெல்வேலி, வளர்ந்தது மலேசியா, அதனால் தமிழ் சரளமாக வராது. பச்சை டிக் உண்டு. மூன்றாம் நாளே, "இந்தச் செயலியில் செய்தி தாமதமாக வருகிறது, வாட்ஸ்அப்புக்கு வந்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறார். அக்கா நம்பரைக் கொடுத்தாள். அங்கிருந்து ஒரு மாதம், காலையில் வணக்கம், மதியம் சாப்பிட்டீர்களா, இரவில் ஒரு மணி நேரம் பேச்சு. ஆறு வருடமாக அவளை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. நான் உட்படத்தான். வாரம் ஒருமுறை போன் செய்வேன், அதிலும் கடை விஷயம்தான் பாதி இருக்கும்.

அக்கா ஒருமுறை அந்த ஆளிடம் குலதெய்வம் எது என்று கேட்டிருக்கிறாள். "எல்லாத் தெய்வமும் ஒன்றுதான்" என்று பதில் வந்திருக்கிறது. நல்ல மனசு என்று அவள் எடுத்துக்கொண்டாள். திருநெல்வேலிக்காரர் ஒருவருக்குக் குலதெய்வம் தெரியாமல் இருக்கலாம், அப்பா அம்மா சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஊரில் ஒரு அத்தை, ஒரு பெரியப்பா மகன், கூடப் படித்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள்கூடவா இல்லாமல் போவார்கள்? எங்கள் சித்தப்பா காதில் இது விழுந்திருந்தால் முதல் கேள்வியே "திருநெல்வேலியில் எந்தத் தெரு" என்பதாகத்தான் இருந்திருக்கும். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. 'முதலில் நாம் இருவரும் புரிந்துகொள்வோம், அப்புறம் பெரியவர்களிடம் சொல்லலாம்' என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டானாம். இங்கிருந்து 'அவன்' என்றே எழுதுகிறேன், மரியாதை கொடுக்க மனம் வரவில்லை.

வரன் பார்க்கிற ஒருவன் உங்கள் வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்ற அடையாளங்களுக்கு ஏதாவது ஒரு விளக்கம் இருக்கலாம். இதற்கு நல்லதாக ஒரு விளக்கமும் எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் பரிசுப் பார்சல் அனுப்பியிருப்பதாகச் சொன்னான். தங்க வளையல், கைப்பை, பெண்ணுக்கு லேப்டாப், கூடவே இந்தியாவுக்கு வந்து வீடு வாங்குவதற்காக 45,000 பவுண்டு ரொக்கம். பெட்டியின் போட்டோவும் வந்தது. நாலாம் நாள் டில்லி விமான நிலையத்தின் கஸ்டம்ஸ் அதிகாரி என்று ஒரு பெண் போன் செய்தாள். சுங்கவரி 38,500 ரூபாய் கட்டினால் பார்சல் வரும். செவ்வாய்க்கிழமை அக்கா கட்டினாள். வியாழக்கிழமை மதியம் அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். ஸ்கேன் செய்ததில் வெளிநாட்டுப் பணம் தெரிந்துவிட்டது, இது சட்டவிரோதம், சான்றிதழ் வாங்க 1,25,000 கட்டாவிட்டால் பெறுநர் பெயரில் வழக்கு வரும் என்றாள். அதே நேரத்தில் அவன் வாட்ஸ்அப்பில் அழுகிறான், "உன்னால்தான் நான் இங்கே மாட்டிக்கொள்ளப் போகிறேன்" என்று. அக்கா அதையும் கட்டிவிட்டாள்.

அக்கா சேர்க்கச் சொன்ன வரி இதுதான்: "நான் பவுண்டுக்கு ஆசைப்பட்டுக் கட்டவில்லை, பயந்து கட்டினேன்."

இந்த மாதிரிச் செய்தி பேப்பரில் வந்தால் 'பேராசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது கோபத்தை வரவழைக்கிறது. முதல் மாதம் முழுக்க அன்பு. கடைசி மூன்று நாள் முழுக்கப் பயம். போலீஸ் வந்தால் பள்ளியில் என்ன சொல்வார்கள், பெண்ணுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அரசாங்க அதிகாரி மாதிரி ஒருத்தி மிரட்டும்போது, தன்னை நேசிப்பதாக நம்பிய ஒருவன் இன்னொரு பக்கம் போனில் அழும்போது, நிதானமாக யோசித்துக் கணக்குப் போட்டுப் பார்க்க யாரால் முடியும்?

வியாழன் மாலை ஆறு மணிக்கு அக்கா கடைக்கு வந்தாள். பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து, வேலை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வந்ததே கிடையாது. ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "பாப்பா, உன் சங்கிலியை ஒரு வாரத்துக்குத் தர முடியுமா" என்றாள். மூன்றாவதாக 2,80,000 ரூபாய் கேட்டிருந்தார்கள்.

"எதுக்குக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முழுதும் படிக்கவில்லை. கஸ்டம்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அந்த இரவு நான் பயன்படுத்திய சேவைகளையும் மதிப்பிட்டுவிடுகிறேன். பேக்கேஜைவிட அவைதான் எங்களுக்கு உதவின.

முதலாவது 1930. சைபர் குற்றத்தில் பணம் போனால் கூப்பிட வேண்டிய தேசிய எண் இது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. எனக்கு இரண்டாம் முயற்சியில் லைன் கிடைத்தது. பேசியவர் தமிழில் பேசினார், ஒரு கடிந்த வார்த்தை சொல்லவில்லை. எந்த வங்கி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யாருடைய கணக்குக்குப் போனது, பரிமாற்ற எண் என்ன என்று கேட்டார். அந்தப் பரிமாற்ற எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், அதுதான் முக்கியம். அவர்கள் உடனே பணம் போன வங்கிக்குத் தகவல் அனுப்பி, கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். திருடியவன் அதற்குள் அதை நாலு கணக்குக்குப் பிரித்து அனுப்பிவிடுவான். அதனால் நேரம்தான் எல்லாமே. இரண்டாம் தொகை போய் ஐந்து மணி நேரத்துக்குள் நாங்கள் கூப்பிட்டுவிட்டோம். அதில் 71,000 ரூபாய் நிறுத்தப்பட்டது. செவ்வாய்க்கிழமை போன 38,500-ல் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. இரண்டு நாள் இடைவெளியின் விலை அது. நின்ற பணம் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஏழு மாதம் கழித்துக் கைக்கு வந்தது. என் அளவில் 1930-க்கு முழு மதிப்பெண்.

போனில் சொன்னதோடு முடிவதில்லை. அங்கே கிடைக்கும் புகார் எண்ணை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுதாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து, ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கணக்கு விவரம், அந்த ஆளின் ப்ரொஃபைல் படம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். கோபத்தில் பிளாக் செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் கடைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அழுகையாக வரும். தயவுசெய்து அழிக்காதீர்கள். அதே தளத்தில் சந்தேகப்படும் போன் நம்பர், வங்கிக் கணக்கு, யுபிஐ முகவரி இவற்றைப் போட்டு, முன்பே யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஒன்றும் வரவில்லை என்பதற்காக நல்லவன் என்று முடிவு கட்டவும் கூடாது, புது நம்பராக இருக்கலாம்.

அப்புறம் கஸ்டம்ஸ். சுங்கத்துறை தனிமனிதரின் சேமிப்புக் கணக்கில் வரி வாங்காது. அக்கா பணம் போட்டது இரண்டும் இரண்டு வேறு ஆட்களின் பெயரில் இருந்த சாதாரணக் கணக்குகள். யாருடைய பெயர் என்பது பணம் அனுப்பும்போதே திரையில் தெரிந்திருக்கிறது. ஐஎஃப்எஸ்சி எண்ணைத் தேடினால் அது எந்த ஊர்க் கிளை என்பது வந்துவிடும், இரண்டுக்கும் டில்லி விமான நிலையத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுங்கத்துறைக்கு மேலே இருக்கும் மறைமுக வரி வாரியம் 2019 நவம்பரிலிருந்து தன் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்றைப் போடுகிறது. டின் (DIN) என்பார்கள். அதை வாரியத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த 'நோட்டீஸில்' சிங்க முத்திரை இருந்தது, டின் எண் இல்லை.

அந்த ஆளைச் சரிபார்க்க எனக்கு ஆனது மொத்தம் நாற்பது நிமிடம். பிரிட்டனில் மருத்துவம் பார்ப்பவர்களின் பெயர் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் என்ற அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அவன் சொன்ன பெயரை மூன்று விதமாக எழுத்து மாற்றிப் போட்டேன், இல்லை. அவன் நம்பர் +44 70 என்று ஆரம்பித்தது. நம்மூரில் +44 என்றாலே லண்டன் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நாட்டில் 70-ல் தொடங்குவது கைபேசி வரிசையே இல்லை. எந்த நம்பருக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடக்கூடிய தனி வகை எண் அது. இன்னொன்று, அவன் காலை வணக்கம் தினமும் நம் நேரம் ஆறே காலுக்கு வந்திருக்கிறது. புரட்டாசியில் இங்கிலாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே அப்போது இரவு ஒன்றே முக்கால். அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் ஒரு மாதம் முழுக்க அந்த நேரத்தில் எழுந்து நமக்கு வணக்கம் சொல்வாரா?

அதே படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸில் அவன் போட்டோவைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. இங்கேதான் பலரும் 'சரி, உண்மையான ஆள்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். நான் தினமும் போட்டோவில் புழங்குகிறவள். பெரிதாக்கிப் பார்த்தபோது சட்டைப் பை அவன் வலது மார்பில் இருந்தது. ஆண்கள் சட்டையில் பை இடது பக்கம்தான் வைப்பார்கள். பொத்தான் மடிப்பும் மாறி இருந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலம் திருப்பியிருக்கிறார்கள். போட்டோஷாப்பில் மறுபடி திருப்பி, முகத்தை மட்டும் வெட்டித் தேடினேன். வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு மருத்துவரின் பக்கம் வந்து நின்றது. அந்தப் பையனின் போட்டோவும் அங்கேயே இருந்தது. தன் முகமும் தன் குழந்தையின் முகமும் பாபநாசத்தில் ஒரு வீட்டில் வேறு பெயரில் ஒரு மாதம் வாழ்ந்தது அவருக்குத் தெரியாது.

லென்ஸ் வரவில்லை என்றால் திருப்பித் தேடுங்கள், வெட்டித் தேடுங்கள், யாண்டெக்ஸ், டின்ஐ (TinEye) போன்ற வேறு தேடல்களிலும் போட்டுப் பாருங்கள். இப்போது உலகத்தில் இல்லாத ஒரு முகத்தைக் கணினியே உண்டாக்கித் தருகிறது, அதற்கு இந்த வழி உதவாது. வீடியோ காலும் முழு ஆதாரம் இல்லை. அவன் இரண்டு முறை வீடியோவில் வந்தான், அரை நிமிடம், முகம் அசைந்தது, சத்தம் வரவில்லை, நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

இப்போது செயலியின் இரண்டாவது குறை. என்னை அதிகம் வருத்தியது இதுதான். மறுநாள் காலை அவன் ப்ரொஃபைலைப் புகார் செய்யத் தேடினால் காணோம். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வாரம்தோறும் பேசும் அதே பெண்தான் எடுத்தார். பார்த்துவிட்டு, "மேடம், அந்த ப்ரொஃபைலை வேறொருவர் புகார் கொடுத்ததால் நாங்கள் போன மாதமே நீக்கிவிட்டோம்" என்றார். தேதி கேட்டேன். அக்கா நம்பர் கொடுத்து ஒன்பதாம் நாள் நீக்கியிருக்கிறார்கள். முதல் பணம் போனது அதற்கு மூன்று வாரம் கழித்து.

இதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் யார் யாரிடம் பேசினான், யார் நம்பரைத் திறந்தான் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. 60 நம்பரில் எத்தனை பாக்கி என்று எனக்குத் தினமும் செய்தி அனுப்புகிறார்களே! 'நீங்கள் தொடர்பில் இருந்த இந்த நபரைச் சந்தேகத்தின் பேரில் நீக்கியிருக்கிறோம், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அக்காவின் 1,63,500 ரூபாயும் தப்பியிருக்கும், அவள் தூக்கமும் தப்பியிருக்கும். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, அவர் குரலே உடைந்துவிட்டது. அப்படி அனுப்பும் வழக்கம் கம்பெனியில் இல்லை என்றார். குறைதீர் அதிகாரிக்கு எழுதியதற்கு, 'செயலிக்கு வெளியே நடக்கும் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவே இல்லை. ஒரு செய்தி அனுப்பு என்றுதான் கேட்டேன். இந்தச் செயலிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தர முடிகிறது. அந்த ஒரு செய்தியை அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தால் நானே வந்து மாற்றி எழுதுவேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் ப்ரொஃபைல் திடீரென்று காணாமல் போனால், 'உனக்காக எடுத்துவிட்டேன், இனி வேறு யாரையும் பார்க்கப் போவதில்லை' என்று அவர் சொன்னால், அதை நம்பாமல் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் அக்காவிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

டேட்டிங் ஆப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆனால் புகார் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் இளைஞர் தன் கதையைச் சொன்னார். அவரிடம் பேசிய பெண் பணமே கேட்கவில்லையாம். இரண்டு மாதம் பழகிவிட்டு, தான் கிரிப்டோவில் போட்டு லாபம் எடுப்பதாகக் காட்டி, இவரையும் ஒரு தளத்தில் சேர்த்திருக்கிறாள். 5,000 போட்டால் 6,200 வந்தது, எடுக்கவும் முடிந்தது. நாலு லட்சம் போட்டதும் எடுக்க முடியவில்லை. தளமே பொய். பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்று பொருள்படும் பெயர் சீன மொழியில் இதற்கு உண்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்களில் பலர் தாங்களே அடைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. 2022-ல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழ்நாட்டுப் பையன்கள் மீட்கப்பட்டு வந்தார்களே, அவர்கள் அடைபட்டிருந்ததும் இந்த மாதிரி இடங்களில்தான். ஆன்லைன் வேலை விண்ணப்பம் போட என் கடைக்குத்தான் அந்த வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று யாராவது வந்தால் இப்போது உட்கார வைத்துப் பேசித்தான் அனுப்புகிறேன்.

அக்கா பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படித்தவள், நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள், நான் ஒருத்தி மட்டும் எப்படி இப்படி ஏமாந்தேன் என்பதே பேச்சாக இருந்தது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் வெளியிட்ட கணக்கைத் தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். 2022-ல் மட்டும் அந்த நாட்டில் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடியில் ஏமாந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள், இழந்தது 130 கோடி டாலர். புகார் கொடுத்தவர்கள் மட்டும் இவ்வளவு. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மகளிடம் தானே சொன்னாள். மகள் விடுதியிலிருந்து வந்து நாலு நாள் கூடவே இருந்துவிட்டுப் போனாள்.

இன்னொரு எச்சரிக்கை, இதைப் பலர் சொல்வதில்லை. புகார் கொடுத்த இரண்டாம் மாதம், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக 'சைபர் பிரிவு வழக்கறிஞர்' என்று ஒருவன் கூப்பிட்டான். கட்டணம் 15,000. ஏமாந்தவர்களின் நம்பரையே மறுபடி குறி வைக்கிறார்கள். அந்த நம்பரையும் புகாரில் சேர்த்தோம்.

இப்போது கடையில் வரன் பதிய வருபவர்களிடம் நான் மூன்று விஷயம் எழுதி வாங்கிக்கொள்கிறேன்: குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல், 1930, வரனைப் பற்றிச் சொல்ல வேண்டிய வீட்டுப் பெரியவர் ஒருவரின் நம்பர். பதிகிற பெண்ணே தன் கையால் எழுத வேண்டும். சிலர் கூச்சப்படுகிறார்கள். பரவாயில்லை, எழுதிய பிறகுதான் ஓடிபி போடுவேன்.

பேக்கேஜ் மாசியில் முடிந்தது. போதும் என்று விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். சித்திரையில் அக்காவே மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பித்துவிட்டு எனக்குச் சொன்னாள். திருவாரூர்க்காரர் மாதிரி மனிதர்களும் அதில்தானே இருக்கிறார்கள் என்றாள். போன வாரம் மயிலாடுதுறையிலிருந்து ஒரு விருப்பம் வந்திருக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் வேலை, மனைவி இறந்து நாலு வருடம். முதல் நாளே வீட்டு முகவரியும் தன் அக்காவின் நம்பரும் கொடுத்து, "உங்கள் பக்கத்திலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் நாம் பேசலாம்" என்று எழுதியிருக்கிறார். குலதெய்வம் எது என்று அக்கா கேட்டதற்கு ஒன்றரை நிமிடத்துக்குக் குரல் பதிவு வந்தது. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த மதகில் இறங்க வேண்டும், வயல் வழியாக எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் ஏன் போகக் கூடாது என்பது வரை சொல்லியிருக்கிறார். சித்தப்பா அதை இரண்டு முறை கேட்டார். புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்.